மூன்றாவது கோடு

பீடோங்,
3.9.2025

தம்பி சுகுமாரனுக்கு,

தபாலில் கடிதம் என்றதும் பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. நீ அனுப்பிய குரல் பதிவுகள் பதினான்கு என் போனில் கிடக்கின்றன. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். அது உனக்கும் தெரியும், அதனால்தான் பேசிப் பேசி அனுப்புகிறாய். இனி எதுவானாலும் எழுது. பேனாவைப் பிடித்தால் கொஞ்சமாவது யோசிப்பாய்.

பாடாங் மேஹா எஸ்டேட்டில் உங்கள் தீபாவளிப் படத்தின் சூட்டிங் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. “முறுக்குப் பிழியற கை வேணும்க்கா, நீயும் ஷாமளாவும் வாங்க” என்று நீதான் வேன் அனுப்பினாய். கதை எழுதுகிறவன் தம்பி, போகாமல் இருக்க முடியுமா? கிளவ் பேக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்தேன். என் வேலையெல்லாம் அந்த அடுப்படியில்தான். கொல்லைப் பக்கம் மேக்கப் கூடாரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா மகள் குளியலறைக்குள் போனவள் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. தேங்காய் நாரைப் போட்டு இடது கையைத் தேய்த்திருக்கிறாள். முழங்கைக்குக் கீழே தோல் கன்றிப்போயிருந்தது. அன்றிலிருந்து இந்தப் புழுக்கத்திலும் கை நீண்ட பாஜு சட்டைதான். மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

மேக்கப் போடுகிற அம்மா கூப்பிட்டு, இவள் கையில் மேக்கப் மாவால் ஒரு கோடு பூசினாளாம். அது வெளுப்பாக இருந்ததாம். இரண்டாவது கோடு செம்மண் மாதிரி இருந்ததாம். மூன்றாவது கோடு பூசிய இடமே தெரியவில்லையாம். “ஆங், இதுதான்” என்று சொல்லி, அதே மாவை எடுத்து அந்தக் கோலாலம்பூர்ப் பிள்ளையின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் பூசினார்களாம். எஸ்டேட் வீட்டு மகளாக நடிக்க வந்த சிவத்த பிள்ளைக்கு.

அந்த வேஷத்துக்குத்தான் ஷாமளாவும் ஏப்ரல் மாதம் சுங்கை பட்டாணி ஆடிஷனுக்கு வந்தாள். “வயசு பொருந்தலைக்கா” என்று நீ போனில் சொன்னாய். கதையில் மகளுக்குப் பத்தொன்பது. இவளுக்கும் பத்தொன்பது. நடித்த பிள்ளைக்கு இருபத்து நான்காம், ஷாமளா கேட்டே தெரிந்துகொண்டாள்.

இப்போது கோலாலம்பூர் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்கிறாள். ஒளிபரப்பு டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்த கடிதத்தை அலமாரியில் ஒட்டி வைத்திருந்தாள், அதைக் கிழித்து எடுத்துவிட்டாள். நவம்பர் பத்தாம் தேதி பதிய வேண்டும். இந்த இடத்தை விட்டால் அடுத்து அவளும் என்னோடு பேக்டரி பஸ் ஏறவேண்டியதுதான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் கோடு போடும்போது நீ எங்கே இருந்தாய்?

அக்கா,
காஞ்சனா

*

செந்தூல், கோலாலம்பூர்,
9.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. ‘ழ’ இன்னும் அப்படியே வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. மச்சானுக்கு நெஞ்சு எப்படி? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஷாமளாவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு அன்று முழுக்க எதுவும் எழுத ஓடவில்லை. அன்றைக்குச் சூட்டிங்கில் காலையிலிருந்தே தகராறு. ஜெனரேட்டர் இரண்டு தடவை நின்றது. வாசல் கோலத்தைக் கோழி கிளறிவிட்டது. நான் டைரக்டரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கொல்லைப் பக்கம் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா, இந்த வேலை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. ஒன்பது வருஷமாக ஒன்பது தீபாவளிப் படம் எழுதியிருக்கிறேன். சமையல் எண்ணெய் கம்பெனிக்கு ஐந்து, மற்றவர்களுக்கு நான்கு. எல்லாம் ஒரே கதைதான். ஓர் அம்மா முறுக்குச் சுடுவாள். வராத மகன் கடைசி நிமிஷத்தில் வாசலில் பையோடு நிற்பான். மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அம்மா மூடிய பாத்திரத்தோடு வருவார். சீன நண்பர் சிரித்துக்கொண்டே முறுக்கைக் கடிப்பார். எல்லோரும் அழுது, எல்லோரும் சிரித்து, எண்ணெய் பாட்டில் மேசை நடுவில் நிற்கும்.

முதல் கூட்டத்திலேயே ஒரு தாள் கொடுப்பார்கள். எந்த இனத்தில் எத்தனை முகம், யாருக்கு எத்தனை வசனம் என்று கட்டம் போட்டிருக்கும். மூன்று இனமும் ஒரே சட்டகத்தில் எட்டு விநாடி நிற்க வேண்டும், குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த எட்டு விநாடிக்காக நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வேன். எனக்கு அலுத்துவிட்டது அக்கா. ஆனாலும் தமிழ்க் குடும்பம் திரையில் வருவது வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான், அதையும் விட்டால் அதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஷாமளாவிடம் சொல், இந்தத் துறையில் இதெல்லாம் சகஜம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. அடுத்த வருஷம் ஒரு சின்ன வேஷமாவது கட்டாயம் வாங்கித் தருகிறேன். கல்லூரிக்கு வந்தால் அவள் தங்க ரூமைக் காலிசெய்து கட்டிலும் போட்டுவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரியும்.

தம்பி,
சுகு

*

பீடோங்,
15.9.2025

சுகு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் என் கேள்விக்குப் பதில் ஒரு வரி. அந்த ஒரு வரியும் பொய்.

பக்கத்து வீட்டுச் சம்சியாவை உனக்குத் தெரியும். அன்றைக்கு அவளும் எங்களோடு வேனில் வந்தாள். பக்கத்து வீட்டு அம்மா வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்று நீதான் அழைத்திருந்தாய். அங்கே போனதும் ஒரு பையன் அவள் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, “மக்சிக், அம்மா முகம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு” என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டான். பளபளவென்று முக்காடு போட்ட யாரோ ஓர் அம்மாள் அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேஷம் பொருந்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி வேனில் சிரித்தோம். பின் ஸீட்டில் ஷாமளா மட்டும் சிரிக்கவில்லை, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சம்சியா எனக்கு மூடிய பாத்திரத்தில் எதுவும் கொண்டுவந்ததில்லை. துணிக்கயிற்றுக்காக மாதம் ஒரு தடவை சண்டை போடுவாள். போன வருஷம் உன் மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, செருப்புக்கூடப் போடாமல் தன் காரை எடுத்தவள் அவள்தான். உன் தாளில் அதற்குக் கட்டம் இருக்கிறதா?

நீ வாசலில் நின்றதாக எழுதியிருந்ததை அவளிடம் சொன்னேன். அவள் அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாளாம். பாதித் தமிழில் சொன்னாள்: “இல்ல லா காஞ்சனா. தம்பி அங்கதான் நின்னுச்சு. கை காட்டி என்னமோ சொல்லுச்சு, அப்புறம்தான் ஷாமளா வந்துச்சு.”

இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேக்டரியில் கையுறை எண்ணும்போதுகூட எண்ணிக்கை தப்புகிறது. ஷாமளாவிடம் கேட்டேன். “மாமா அங்க இல்லம்மா” என்கிறாள். கேட்டு முடிக்கும் முன்னே சொல்கிறாள்.

என் மகள் உனக்காகப் பொய் சொல்கிறாள். நீ உனக்காகப் பொய் சொல்கிறாய். நான் யாரை நம்புவது?

காஞ்சனா

*

செந்தூல்,
24.9.2025

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

சம்சியா அக்கா சொன்னது உண்மை. நான் அங்கேதான் இருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆடிஷனில் முப்பத்தாறு பிள்ளைகள். ஷாமளா செய்ததைப் போல ஒருவரும் செய்யவில்லை. நான் மாமன் என்பதால் சொல்லவில்லை, அவள் முடித்ததும் டைரக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாயங்காலம் வீடியோவை எண்ணெய் கம்பெனிக்கு அனுப்பினோம். அங்கிருந்து ஓர் அம்மா பேசினார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். “பிள்ளை அருமையா செய்யுது சார். ஆனா பண்டிகை நேரம் பாருங்க, பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சமா இருக்கணும்.” டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இனத்தை எல்லாம் எண்ணுகிற அந்தத் தாளில் நம் நிறத்துக்குக் கட்டம் இல்லை, அக்கா. இருந்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

ஆடிஷன் பாரத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘வயது பொருந்தவில்லை’ என்று எழுதியதும் நான்தான். உனக்குப் போனில் சொன்னதும் அதையேதான்.

பிறகு சூட்டிங். அந்தக் கோலாலம்பூர்ப் பிள்ளையை எஸ்டேட் வீட்டு அடுப்பு முன்னால் நிறுத்திக் கேமராவில் பார்த்தார்கள். ஹோட்டலுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். “எஸ்டேட் பொண்ணு மாதிரி இல்லையே, கலரைக் கொஞ்சம் இறக்குங்க” என்றார் டைரக்டர். எவ்வளவு இறக்குவது என்று மேக்கப் அம்மாவுக்குத் தெரியவில்லை. வெயில் போய்க்கொண்டிருந்தது. ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் சொன்னேன், “ஷாமளாவைக் கூப்பிடுங்க, அவ கலர் சரியா இருக்கும்.”

அக்கா, அதைச் சொல்லும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் தலையில் இருந்தது.

அவள் ஓடி வந்தாள். வேஷம் தரத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிட்டாள். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். மேக்கப் அம்மா கையை நீட்டச் சொன்னதும் நீட்டினாள். முதல் கோடு போட்டபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டாவது கோட்டில்தான் பக்கத்து நாற்காலியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் டைரக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

அந்தப் பிள்ளை பாவம். “சாரி சிஸ்டர்” என்று ஷாமளாவிடம் சொன்னாளாம். அங்கே மன்னிப்புக் கேட்டது அவள் ஒருத்திதான்.

என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பஸ் பிடித்து வந்து அவள் காலில் விழட்டுமா?

சுகு

*

பீடோங்,
2.10.2025

சுகு,

தீபாவளிக்கு வராதே. கடைசி நிமிஷத்தில் பையோடு வாசலில் நிற்கிற மகனை நீ ஒன்பது தடவை எழுதிவிட்டாய். பத்தாவது தடவை என் வீட்டு வாசலில் வேண்டாம்.

சாதாரண நாளில் வா. பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட், உன் மச்சானும் வீட்டில் இருக்கமாட்டார். புதுத்துணி, பலகாரம், டப்பா எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. காலில் விழவும் வேண்டாம், அவள் உன் காலைப் பார்த்து என்ன செய்யப்போகிறாள்? எனக்கு எழுதினாயே, அதை அப்படியே அவளிடம் சொல். நான் இருந்தால் நீ என்னைப் பார்த்துத்தான் பேசுவாய், அதனால்தான் இருக்கமாட்டேன்.

உன் கடிதத்தைப் பேக்டரி பஸ்ஸில் வைத்துப் படித்தேன். ஓடி வந்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் படிக்க இரண்டு நாள் ஆனது. அம்மா போனபிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். உன்னை அடிக்கவும் எனக்குக் கை வரவில்லை, அதுதான் என் கோபமே.

காஞ்சனா

*

செந்தூல்,
16.10.2025

அக்கா,

வந்தேன். சொன்னேன். எதையும் விடவில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. முடித்ததும் “மைலோ குடிக்கிறீங்களா மாமா?” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குடித்தேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். எழுந்துவிட்டேன்.

படம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுகிறார்கள். பார்க்க வேண்டாம் அக்கா. அவளையும் பார்க்க விடாதே.

சுகு

*

பீடோங்,
23.10.2025

சுகு,

பார்த்தோம். சம்சியா வீட்டில்தான், அவள் டிவி பெரிசு. வரிசை வீட்டு ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்த படம் என்று ஆளாளுக்கு ஒரே சந்தோஷம். நான் எழுந்து வந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஷாமளா முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

அந்தப் பிள்ளை அடுப்புக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்ததும் எங்கள் வரிசை மருதம்மாள் கத்தினாள், “ஐயோ, அச்சு அசல் நம்ம ஷாமளா மாதிரியே இருக்காடி!” எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று ஷாமளாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள், பாவிகள். சம்சியா மட்டும் எழுந்துபோய் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் மகன் வந்து நின்றதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. நன்றாகத்தான் எழுதுகிறாய், நாசமாய்ப் போனவனே.

தீபாவளி அன்று காலை எண்ணெய் வைக்கும்போது ஷாமளா என்னிடம் பேசினாள். இரண்டு மாதத்தில் அன்றுதான் நன்றாகப் பேசினாள். நான் தலையில் தேய்த்துக்கொண்டே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏப்ரல்லேர்ந்து நான் என்ன செஞ்சேன் தெரியுமாம்மா? வயசு பொருந்தலைன்னு மாமா சொன்னாருல்ல, அதனால சின்னப் பொண்ணு மாதிரி பேசிப் பாத்தேன், பெரிய பொண்ணு மாதிரி பேசிப் பாத்தேன். தினம் கண்ணாடி முன்னால. குரலை மாத்தினேன், நடையை மாத்தினேன். ஆக்டிங் சரியில்லன்னா கத்துக்குவேன். வயசுன்னா காத்திருப்பேன். எதைத் திருத்தணும்னு தெரியாமத்தானே இவ்வளவு நாளும் வேஸ்ட்டாப் போச்சு. மாமா வந்து வாயால சொல்லிட்டுப் போயிட்டாரு. வாயால சொன்னது நாளைக்கு இல்லன்னு ஆயிடும். பாரத்துல பொய்ய எழுதினாருல்ல? உண்மையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.”

எதற்கு என்று கேட்டேன். “எனக்கு வேணும்” என்றாள். யாரிடம் காட்டுவாள், போனில் போடுவாளா, பெட்டியில் வைப்பாளா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அவளுக்கே தெரியுமோ என்னமோ.

கல்லூரிக்குப் போகிறாள். பத்தாம் தேதி நான்தான் கூட்டிவருகிறேன். ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். உன் வீட்டுக்கு வரமாட்டாள் சுகு. நானும் வரச் சொல்லப்போவதில்லை. நீ போட்ட கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

அவள் கேட்டதை எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதினால் உன் பிழைப்புக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரிகிறது. அதனால் எழுது என்று நான் சொல்லமாட்டேன்.

அக்கா,
காஞ்சனா

*

செந்தூல்,
27.10.2025

அக்கா,

அடுத்த வருஷப் படத்துக்கு நேற்றுக் கூப்பிட்டார்கள். இந்த வருஷப் படம் நாட்டின் எல்லா முகங்களையும் காட்டியதாக எங்கேயோ பாராட்டி எழுதியிருக்கிறார்களாம், கம்பெனிக்கு மகிழ்ச்சி. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கீழே இருப்பதை ஷாமளா யாரிடம் காட்டினாலும் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்காது. காட்டட்டும், காட்டாமல் இருக்கட்டும், என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்.

இதற்குக் கீழே கிழித்து அவளிடம் கொடு.

‐ ‐ ‐

என் அக்கா மகள் ஷாமளா த/பெ நடராஜா, 12.4.2025 அன்று சுங்கை பட்டாணியில் நடந்த ஆடிஷனில் மகள் வேஷத்துக்கு நடித்துக் காட்டினாள். வந்திருந்த முப்பத்தாறு பேரில் அவள்தான் மிக நன்றாகச் செய்தாள். அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

வேஷம் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அதற்கு வயது காரணமில்லை. நடிப்பும் காரணமில்லை. அவள் தோலின் நிறம்தான் காரணம். பாரத்தில் ‘வயது பொருந்தவில்லை’ என்று எழுதியவன் நான். பொய் என்று தெரிந்தே எழுதினேன்.

23.8.2025 அன்று பாடாங் மேஹாவில், அதே நிறத்தை வேறொரு பெண்ணுக்குப் பூசுவதற்காக அவளைக் கூப்பிடச் சொன்னவனும் நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை.

அவள் திருத்திக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை.

சுகுமாரன் த/பெ காளிதாசன்
திரைக்கதை எழுதியவன்